புலிக் கம்பளியும் எங்கள் வீட்டுத் தூசியும்

பதினொரு வருடம் நான் தூசி துடைத்துச் சம்பளம் வாங்கினேன். வளைகுடாவில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் துப்புரவு வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்தான். ஆனாலும் தூசியைப் பற்றி யாராவது கேட்டால் விடாமல் இரண்டு மணி நேரம் பேசுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் என் சொந்த வீட்டில், என் மகள் படுக்கிற கட்டிலுக்கு அடியில் விழுந்து உடைந்தது. இதைப் படிக்கிற பிள்ளைகளே, அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த ஆபீஸில் எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் கேரளத்து மலப்புறத்துக்காரர். தினமும் காலையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வருவார். மேசையையும் தரையையும் பார்க்கவே மாட்டார். கதவின் மேல்விளிம்பு, சுவர்க் கடிகாரத்தின் தலை, கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம், இப்படி யாரும் நினைக்காத இடத்தில் விரலை ஓட்டி, அந்த விரலை எங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். அது போதும், அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்தக் கட்டடத்தில் ஒரு மாடி, வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடந்தது. மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்கச் சொல்வார்கள். அங்கே படிந்திருப்பது மஞ்சளாக, மாவு மாதிரி இருக்கும். வெறும் பாலைவன மணல். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். ஆட்கள் வேலை பார்க்கும் மாடிகள் அப்படி இல்லை. நேற்றுத் துடைத்த இடத்தில் இன்றைக்குச் சாம்பல் நிறத்தில் பஞ்சு உருளும். நீலக் கார்ப்பெட் விரித்த மாடியில் அந்தப் பஞ்சிலும் கொஞ்சம் நீலம் இருக்கும்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் எனக்கு அது விளங்கியது. தூசியில் ஒரு பங்குதான் வெளியே இருந்து வருகிறது. மீதியை உள்ளே இருக்கிறவர்கள் உதிர்க்கிறார்கள். சட்டை தேய்ந்தால் நூல் உதிரும். தலையைச் சொறிந்தால் முடி உதிரும். அதுபோக நம் மேல்தோல். பாம்பு ஒரே நாளில் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்விடுகிறது. நாமோ தினமும், நடக்கும்போதும் தூங்கும்போதும், கண்ணுக்குத் தெரியாத செதில் செதிலாகக் கழற்றிக்கொண்டே இருக்கிறோம். வலிக்காததால் நமக்குத் தெரிவதில்லை.

இனி கம்பளிக்கு வருகிறேன்.

கடலோரத் தேங்காய்ப்பட்டணம் பக்கம் எங்கள் ஊரில் எந்த வளைகுடாக்காரர் வீட்டுக்குப் போனாலும் ஒரு கனத்த கம்பளி இருக்கும். பளபளவென்று மிருதுவாக, நடுவில் ஒரு புலியோ, இல்லாவிட்டால் பெரிய ரோஜாப்பூவோ போட்டிருக்கும். நம் ஊர் வெக்கைக்கு அதைப் போர்த்த முடியாது. ஆனாலும் கொண்டு வராமல் வந்தால், "என்னா மக்கா, பக்கத்துல தக்கலைக்குப் போயிட்டா வாறே?" என்று கேலி செய்வார்கள். மகள் பிறந்த பிறகு வந்த முதல் விடுமுறைக்கு நான் இரண்டு கம்பளி கொண்டு வந்தேன். ஒன்று புதியது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையோடு. அது விருந்தாளி வந்தால் எடுப்பதற்காக அலமாரிக்குள் போனது. இன்று வரை அந்த ஜிப்பைத் திறக்கிற அளவுக்கு மதிப்பான விருந்தாளி எவரும் வரவில்லை.

இன்னொன்று வளைகுடாவில் என் அறையில் நான் இரண்டு குளிர்காலம் போர்த்தியது. ஆரஞ்சு நிறப் புலி. அது என் மகளுக்குப் போனது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. நான் தூக்கினால் கத்துவாள், கம்பளிமேல் போட்டால் சிரிப்பாள். விடுமுறை முடிந்து நான் போன பிறகு, அதன் ஓரத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று என் மனைவி போனில் சொன்னாள். பேச்சு வந்ததும் மகளே சொன்னாள், "எப்பா, புலிக்கு ஒங்க மணம்." எனக்கு அங்கே கண் நிறைந்துவிட்டது. அதைத் துவைத்துவிடாதே என்று மனைவியிடம் சொன்னது நான்தான். அவளும் துவைக்கவில்லை. ஈரமானால் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம் அது. மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆனாலும் காயாது.

ஏழு வயதில் அவளுக்கு மூச்சிழுப்பு தொடங்கியது. வீடியோ அழைப்பில் அவள் பேசும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் விசில் மாதிரி ஒரு சத்தம். போன் கெட்டுவிட்டதோ என்று நான் தட்டிப் பார்த்தேன். மனைவிதான், "போனுல இல்ல, பிள்ளைக்க நெஞ்சுல" என்றாள். அப்போது இருந்த வேலை ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டேன். ஊரில் ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தூசிதான் காரணம் என்று டாக்டர் சொன்னதாக மனைவி சொன்னபோது, பயத்தோடு எனக்கு ஒரு தைரியமும் வந்தது. தூசியா, அது என் தொழில் அல்லவா, ஒரு மாதத்தில் விரட்டிவிடுகிறேன் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு ரோட்டோரம். மலைப் பக்கமிருந்து கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் டிப்பர் லாரிகள் காலை முதல் ஓடும். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் பெயர் எழுதலாம். குற்றவாளி இதுதான் என்று முடிவு கட்டினேன். ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். இடுக்குகளில் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினேன். சுவர் உச்சியில் இருந்த வென்டிலேட்டர் துவாரங்களை அட்டை வைத்து அடைத்தேன். அங்கே ஆபீஸில் அப்படித்தான் செய்வோம். காற்றுப் புக வழி இல்லையென்றால் மணல் புகாது.

மனைவி நடுவீட்டில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, வீடா இது, மீன் வைக்குத ஐஸ் பெட்டியா?"

"பிள்ளைக்கு வேண்டித்தானே செய்யுதேன்."

"கொள்ளாம், நல்ல காரியம். பிள்ளைக்கு முன்னால நான் மூச்சு முட்டிச் சாவேன்."

தினம் மூன்று வேளை தரை துடைத்தேன். விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளக் கூடாது என்று மனைவி சாயங்காலத் தூசியைக் கதவு மூலையில் ஒதுக்கி வைப்பாள். அதற்காகவும் சண்டை போட்டேன். இவ்வளவும் செய்த பிறகு இழுப்பு குறைந்ததா என்றால், கூடியது. ஆனி மழை பிடித்துக்கொண்டது. சாத்திய வீட்டுக்குள் துணி காயவில்லை. மகளின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி பூத்தது. தினமும் விடிகிற நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்குவாள். இன்ஹேலரைக் குழாயில் மாட்டி நான் பிடிப்பேன். மருந்து வேலை செய்யும் வரைக்கும் அவள் முதுகைத் தடவுவதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. பதினொரு வருடம் தூசி துடைத்த கை அது.

மார்த்தாண்டத்து டாக்டரிடம் போனோம். வயதான அம்மா. நான் செய்ததை எல்லாம் மனைவி ஒப்புவித்தாள், கடைசியில் கொஞ்சம் பெருமையாகவே, "ஒரு சன்னலும் தொறக்க மாட்டோம் டாக்டர்" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். "ஏன் தொறக்க மாட்டிய?"

நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ரோட்டுத் தூசியும் சேராதுதான். லாரி போகப்பம் சாத்துங்க, மத்த நேரம் தொறந்து விடுங்க. பிள்ளைக்குக் காலம்பற எந்திரிக்கப்பம்தானே கூடுதல்? அப்பம் ரோட்ட விட்டுட்டுப் படுக்கையப் பாருங்க."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நீங்கள் பயப்படாமல் கேட்க வேண்டும். நம் படுக்கையில் உண்ணி மாதிரி ஒரு பூச்சி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது. கடிக்காது. நாம் உதிர்க்கும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. காற்றில் உள்ள ஈரம்தான் அதற்குத் தண்ணீர். அது போடும் எச்சம் காய்ந்து தூசியோடு சேர்ந்து மூக்குக்குள் போகிறது. பலபேருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சில பிள்ளைகளுக்கு மட்டும் நெஞ்சு இறுகிவிடும். நான் வீட்டை அடைத்து, மணலை வெளியே நிறுத்தி, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருந்தேன். பாலைவனத்தில் படித்த பாடத்தைக் கடலோரத்தில் ஒப்பித்துவிட்டேன்.

"பெட்ரூம்ல தூசி எங்க எங்க தங்குதுன்னு ஒண்ணு நல்லாப் பாருங்க" என்று டாக்டர் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகளுக்கு விளையாட்டு மாதிரி இருக்கட்டும் என்று செலோடேப்பும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு துணியால் மூக்கைக் கட்டிவிட்டு, என் பின்னால் நிற்கச் சொன்னேன். டேப்பை ஒவ்வொரு இடத்திலும் ஒட்டி எடுத்து, தாளில் ஒட்டி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம்.

ஜன்னல் கட்டையில் எடுத்தது மினுமினுத்தது.

"இது என்னதுப்பா, கண்ணாடி மாதிரி?"

"கல்லுப்பொடி மக்களே. மலைய ஒடைச்சு லாரியில கொண்டு போறாங்கல்லா, அதுல நமக்குள்ள பங்கு."

"அப்பம் நம்ம வீட்டுல மலை இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

அடுக்களை அலமாரியில் எடுத்தது கறுப்பாகப் பிசுபிசுத்தது. அது எண்ணெய்ப் புகை. மின்விசிறி இறக்கையில் நூல், ஒட்டடை, ஒரு எறும்பின் கால். அவளுக்கு அந்தக் கால்மேல் இரக்கம் வந்துவிட்டது. "பாவம், மத்த அஞ்சு காலும் எங்க போச்சோ?" வாசல் மிதியடியில் செம்மண்ணும், முருங்கைப்பூவின் பொடியும். இப்படித் தாள் நிறைந்துகொண்டே வந்தது. வெளியே இருந்து வந்தது இவ்வளவு, நாம் உண்டாக்கியது இவ்வளவு என்று நான் விளக்க விளக்க அவள் தாளின் ஓரத்தில் எழுதினாள். எனக்கு வாத்தியாராகிவிட்ட சந்தோஷம்.

கடைசியாக அவள் கட்டிலுக்கு அடியில் நான் மட்டும் ஊர்ந்து போய் டேப்பை ஒட்டி எடுத்தேன். சாம்பல் பஞ்சு. அதில் நீளமாக அம்மாவின் முடி, குட்டையாக அவள் முடி. போனில் பெரிதாக்கியபோது அந்தப் பஞ்சுக்குள் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய இழைகள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "அது சாமந்திப்பூ."

"சாமந்திப்பூவா? கட்டிலுக்கு அடியில எப்படி வந்து?"

"அம்மைக்க தலையிலேருந்து விழுந்திருக்கும்."

அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது. "ஏட்டி, நான் சாமந்தி வச்சு எத்தன வருசமாச்சு தெரியுமா?"

மகள் அந்தத் தாளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். மூக்கில் கட்டிய துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. எனக்கு முன்னாலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. டாக்டர் சொன்னதை எல்லாம் அவளும்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பா, புலிய எடுத்திரப்பிடாது."

பிள்ளைகளே, அந்தக் கம்பளிக்குள் என்ன இருக்கிறது என்று நான் யோசித்தேன். இரண்டு குளிர்காலம் நான் உதிர்த்த தோல் இருக்கிறது. என் வியர்வை இருக்கிறது. எங்கள் அறையில் தாளித்த வெங்காயப் புகையும், வேலையிலிருந்து நான் கொண்டு வந்த பினாயில் வாடையும் இருக்கிறது. அதைத்தான் அவள் "ஒங்க மணம்" என்றாள். நான் பக்கத்தில் இல்லாத வருடங்களில் என்னிடமிருந்து அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதைத் தின்று வளர்ந்த பூச்சிதான் இப்போது அவள் மூச்சைப் பிடிக்கிறது. துவைக்காதே என்று சொன்னவனும் நான்.

மனைவி கம்பளிக்கு உடனே தீ வைக்கச் சொன்னாள். மகள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கட்டில் மூலையில் ஒடுங்கினாள். அழுதால் இழுப்பு கூடும், அதனால் அதட்டவும் முடியாது. நான் அலமாரியைத் திறந்து அந்தப் புதிய கம்பளியை ஜிப்போடு எடுத்துக் கொடுத்தேன். அதே நிறம், அதே புலி. அவள் ஜிப்பைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இது கடையில உள்ள புலி."

"நீங்க ஒரு மனுசனாய்யா?" என்றாள் மனைவி. "ஒண்ணே ஆகாதுன்னு டாக்டர் சொல்லுது, நீங்க ரெண்டாவத எடுத்து நீட்டுதிய."

அவள் சொன்னது சரிதான். அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

டாக்டரிடம் போனில் கேட்டேன். கை வைக்க முடியாத சூட்டு வெந்நீரில் துவைத்தால் பூச்சி செத்துவிடும் என்றார். ஆனாலும் அவ்வளவு தடித்த கம்பளி வேண்டவே வேண்டாம், வாராவாரம் துவைக்க முடிகிற பருத்தித் துணியே போதும் என்றார். முதல் பாதியை மட்டும் மகளிடம் சொன்னேன். தூக்கிப் போட மாட்டேன், குளிப்பாட்டித் தருகிறேன் என்றேன். கடைசியாக ஒரு தடவை முகர்ந்துவிட்டு அவளே தூக்க முடியாமல் தூக்கிக் கொண்டு வந்து தந்தாள்.

மரச்சீனிக் கிழங்கு அவிக்கிற பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினோம். கம்பளியை உள்ளே தள்ளிக் கம்பால் அமுக்கினேன். தண்ணீர் முதலில் பால் விடாத கட்டன்சாயா நிறமானது, பிறகு சாக்கடை நிறமானது. மகள் புறவாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறின தண்ணீரைத் தென்னை மூட்டில் கவிழ்த்தேன். அது மண்ணில் இறங்குவதைப் பார்த்து அவள் சொன்னாள்:

"எப்பா, மணம் எல்லாம் தென்னைக்குப் போச்சு."

வெயிலுக்கும் மழைக்கும் நடுவில் நான்கு நாள் ஆனது காய. மடித்துக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன். ஓரத்தைப் பிடித்து முகர்ந்தாள். மறு ஓரத்தையும் முகர்ந்தாள். பிறகு என் கையிலேயே திருப்பித் தந்தாள். சண்டை போடவில்லை. "நீங்களே வச்சுக்கிடுங்க" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் சொன்னதன் மறுபாதிக்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

"நான்தான் பக்கத்துலயே இருக்கேன்லா மக்களே" என்றேன்.

அவள் என் கையை எடுத்து முகர்ந்தாள். "நீங்க சிமெண்டு மணக்குதிய."

பொய் இல்லை. டைல்ஸ் கடையில் எந்நேரமும் வெட்டும் பொடி பறக்கும். அவள் தெரிந்து வைத்திருந்த அப்பா வேறொரு ஊரில், வேறொரு வேலையில், வேறொரு மணத்தோடு இருந்தவன். அவனை நான் அண்டாவில் போட்டு அவித்துவிட்டேன். கடையிலிருந்து வந்ததும் குளித்து, உடுப்பு மாற்றித்தான் அவள் அறைக்குப் போகிறேன் இப்போது. சிமெண்ட் தூசியும் அவளுக்கு ஆகாதே.

கம்பளி போய், ஜன்னல் திறந்து, சுவரில் இருந்த கறுப்பைத் துடைத்துச் சுண்ணாம்பு அடித்த பிறகு இழுப்பு குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் ஏழு நாளும் வந்தது இரண்டு நாளானது. ஆனால் மூன்று வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை. மூச்சு இருந்தால் தூக்கம் இல்லை.

ஒரு விடியற்காலை இழுப்பு வந்தது. நான் அவளை என்மேல் சாய்த்து வைத்து இன்ஹேலர் பிடித்தேன். என் தோளில் குளித்துத் துவட்டிய தோர்த்து கிடந்தது, நம் ஊர்ப் பருத்தித் துண்டுதான். மூச்சு அடங்கியதும் அவள் அதன் ஓரத்தைப் பிடித்து மூக்கில் வைத்தாள். வைத்தபடியே தூங்கிவிட்டாள். எழுந்தபோது அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து இது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. இரண்டு தோர்த்து உண்டு. ஒன்றை ஒரு நாள், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் நான் தோளில் போட்டுக்கொள்வேன். அடுத்த நாள் அது அவளுக்கு. சனிக்கிழமை இரண்டும் வெந்நீருக்குள். மணம் வேண்டும் என்றால் தோல் வேண்டும். தோல் சேர்ந்தால் பூச்சி வரும். அதனால் கொடுக்கவும் வேண்டும், கொடுத்ததைச் சுட வைத்துக் கொல்லவும் வேண்டும். இது சரியான வழிதானா என்று டாக்டரிடம் கேட்டேன். "பருத்திதானே, பரவாயில்ல" என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும் இன்றைக்கும் சனிக்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. வெந்நீரில் போட்ட தோர்த்து இரண்டும் காயவில்லை. ஈரத்தோடு கொடுக்க முடியாது. அடுப்புக்கு மேலே பிடித்தேன், பிறகு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காய வைத்தேன். சாயங்காலம் அவள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒண்ணும் இல்ல இதுல."

வாங்கி என் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். வேர்க்கட்டும் என்று நடுவீட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கத் தொடங்கினேன். மழைக் குளிரில் வேர்க்கவில்லை. மனைவி, "கோட்டி பிடிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சில் அந்த மெல்லிய விசில் தொடங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே நான் நடந்தேன்.

"எப்பா, இப்பம் வந்திருக்குமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் மக்களே. இப்பம்தானே போட்டிருக்கேன்."